ஊருணி சங்கம் – இந்த வருச ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்க பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, நான் நடந்த வேலைய மட்டும் சொல்லிடுறேன். படித்துறைல பேந்து கிடந்த கல்லு சரி பண்ணியாச்சு, வரத்துக்கால அடைச்சிருந்த சீமைக்கருவேலயும் வெட்டியாச்சு, ஐப்பசி மழைக்கு ஊருணி முக்காவாசி நெறஞ்சுது.

மத்தது தட்டான் பூச்சி கணக்கு. ஞாயித்துக்கிழம பிள்ளைங்கள கூட்டிட்டு கரைய சுத்தி நோட்டுல எழுதுறோம்ல, கொசு மருந்து அடிச்சா போதாதா, இதெல்லாம் எதுக்குன்னு போன கூட்டத்துல ஒரு பெரியவர் கேட்டாரு. ஐயா, தட்டான் குஞ்சு வளர்றதே தண்ணிக்குள்ளதான், அங்க கெடந்து கொசுப்புழுவையும் புடிச்சுத் திங்குது.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஐயாக்கள்ளாம் வியாபாரத்துக்குக் கொண்டுவிக்கப் போன அதே இலங்கைல, வேற எந்த நாட்டுலயும் இல்லாத ஒரு ஊசித்தட்டானுக்கு (ஊசி மாதிரி ஒல்லியா இருக்குற தட்டான்) 1862ல ஹாகன்னு ஒரு ஜெர்மன் பூச்சி ஆராய்ச்சியாளர் பேரு வச்சாரு, இப்ப அத சின்ஹலெஸ்டெஸ் ஓரியன்டாலிஸ்னு சொல்றாங்க. அதோட சரி, அப்புறம் 150 வருசம் யாரு கண்ணுலயும் படல, அழிஞ்சே போயிருக்கும்னுதான் நெனச்சிருந்தாங்க, ஆனா 2012ல சிவனொளிபாத மலைக் காட்டுல மறுபடி பாத்துட்டாங்க! இத படிச்சன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. எல்லாத்துக்கும் அந்தக் குடுப்பினை இல்ல, அட்லாண்டிக் கடல்ல இருக்குற செயின்ட் ஹெலினா தீவுக்குன்னே இருந்த தட்டான 1963க்கு அப்புறம் யாரும் பாக்கல. தீவுல ஓடை கெட்டா அது வேற எங்க போகும்.

அதனாலதான் சொல்றேன், வைகாசில தூர்வாரினப்ப மிஷின்காரர் நாலு கரைலயும் கோரைய மொத்தமா வழிச்சு எடுத்துட்டாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன், தடுக்கத் தோணல, இன்னைக்கும் மனசு உறுத்துது. ஊசித்தட்டான் முட்டைய அந்தத் தண்டுக்குள்ளதான் சொருகி வைக்கும். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நோட்டுல ஊசித்தட்டான் பக்கம் காலியாவே இருந்துச்சு. கார்த்திகைல ஒரு பாப்பா மட்டும், "றெக்கைய பாதி விரிச்சுக்கிட்டு ஒண்ணு உக்காந்திருந்துச்சு"ன்னு எழுதி படமும் போட்டுருக்கு. பொதுவா ஊசித்தட்டான் றெக்கைய மூடித்தான் உக்காரும், பாதி விரிக்கிறது வேற ஜாதி, அந்த இலங்கை ஊசித்தட்டானும் அந்த வகையறாதான். இது நம்ம பக்கத்து ஜாதியாத்தான் இருக்கும், ஆனா போட்டோ எடுக்கல, திரும்ப தேடிட்டு இருக்கோம்.

சங்கத்து முன்னாடி நான் வைக்கிற தீர்மானம் ஒண்ணுதான்: அடுத்த தடவ தூர்வாரும்போது தென்கரை கோரைல கை வைக்கக் கூடாது. நோட்டு எங்க வீட்டு முகப்புலதான் இருக்கு, எப்ப வேணா வந்து பாக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்