மீன் சத்து அட்டவணையில் பிடிபட்ட மாதத்தையும் குறிப்பிடுங்கள்

உணவுச் சத்து அட்டவணைகளைத் தொகுத்து வெளியிடும் அறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிடும் எண்களை நம்பித்தான் உணவியல் வல்லுநர்கள் நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் வகுக்கிறார்கள். டப்பாவில் அடைத்த மீனின் மேலுறையிலும் பாடநூல்களிலும் அவையே இடம்பெறுகின்றன. அந்த அட்டவணைகளில் ஒவ்வொரு மீனின் பெயருக்கு எதிரேயும் கொழுப்புக்கென்று பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அந்த மீன் எந்த மாதத்தில் பிடிபட்டது, சினை பிடித்திருந்ததா, முட்டையிட்டு மெலிந்திருந்ததா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை.

மத்தி, ஹெர்ரிங், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களைப் பொறுத்தவரை இதைச் சிறிய விடுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஹெர்ரிங்கின் தசையில் கொழுப்பு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. 20 சதவீதத்தைத் தொடுவதும் உண்டு. நூறு கிராம் மீனில் புரதம் 18 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 2 கிராமாக இருந்தால் அது ஏறக்குறைய 90 கலோரி தரும். 18 கிராமாக இருந்தால் 234 கலோரி தரும். இரண்டும் ஒரே இனம், ஒரே கடலில் பிடித்தவையாகவும் இருக்கலாம். இவற்றின் சராசரியை அச்சிட்டால், அது எந்தப் பருவத்து மீனுக்கும் பொருந்தாத எண்ணாகிவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கான காரணங்களை நீங்கள் அறிவீர்கள். மிதவை உயிரிகள் பெருகும் காலத்தில் மீன் வயிறாரத் தின்று, கொழுப்பைத் தசையிலும் குடலைச் சுற்றியும் சேர்த்து வைக்கிறது. அப்போது வயிற்றைக் கீறினால் குடலோடு ஒட்டிய வெண்ணிறக் கொழுப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். சினை முதிர முதிர அந்தச் சேமிப்பு கரைந்து முட்டைக்கும் விந்துக்கும் போய்ச் சேர்கிறது. முட்டையிட்டு முடித்த மீனின் வயிற்றறையில் தொய்ந்த சினைப்பைதான் மிஞ்சுகிறது, தசையும் தளர்ந்து கிடக்கிறது. கொழுப்பு வெளியேறிய இடத்தை நீர் நிரப்புவதால், கொழுப்பு மீன்களில் இவ்விரண்டின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 80 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆகவே எடைத்தட்டில் வேறுபாடு தெரியாது. புரதம் இந்த அளவுக்கு மாறுவதில்லை என்றாலும், இரை தேடாமல் நெடுந்தொலைவு ஆற்றில் நீந்தி முட்டையிடும் சால்மன் தன் தசைப் புரதத்தையே எரித்துத் தீர்க்கிறது.

காட் போன்ற மெலிந்த மீன்களில் நிலைமை வேறு. அவை கொழுப்பைக் கல்லீரலில் சேமிப்பதால், தசையின் கொழுப்பு ஆண்டு முழுவதும் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவற்றுக்கு ஒரே எண் தருவதில் பெரிய பிழை இல்லை.

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சேமிப்புக் கொழுப்பு டிரைகிளிசரைடாக ஏறியிறங்குகிறது. உயிரணுச் சவ்வுகளில் உள்ள, டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 அமிலம் செறிந்த பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு அவ்வளவாக மாறுவதில்லை. எனவே மெலிந்த பருவத்தில் மொத்தக் கொழுப்பு குறைந்தாலும், அதில் டிஎச்ஏ-வின் விகிதம் கூடித் தெரியலாம். மொத்தக் கொழுப்பை ஒரு பருவத்து மீனிலும் கொழுப்பு அமில விகிதத்தை வேறொரு பருவத்து மீனிலும் அளந்து, இரண்டையும் பெருக்கிக் கிராம் கணக்குப் போடுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதயநலனுக்காக மீன் உண்பவர்கள் அந்தக் கணக்கைத்தான் நம்புகிறார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. மாதிரி எடுக்கும்போதே பிடிபட்ட மாதம், கடற்பகுதி, நீளம், பாலினம், சினை முதிர்ச்சி நிலை ஆகியவற்றைப் பதிவு செய்து எண்ணோடு சேர்த்து வெளியிடுங்கள். வளர்ப்பு மீனென்றால், அதன் கொழுப்பு தீவனத்தைப் பெரிதும் பொறுத்திருப்பதால், தீவனத்தின் தன்மையையும் குறிப்பிடுங்கள். உடலின் எந்தப் பகுதியை அரைத்தீர்கள் என்பதும் வேண்டும். பல மீன்களில் வயிற்றுச் சதையில் வால்பகுதியைவிடக் கொழுப்பு கூடுதல். கொழுப்பு மீன்களுக்குச் சராசரியோடு குறைந்த அளவு, மிகுந்த அளவு இரண்டையும் அச்சிடுங்கள். பல மாதங்களின் மாதிரிகளைக் கலந்து ஒரே முறை சோதிக்கும் வழக்கத்தை இந்த மீன்களுக்கு மட்டுமாவது கைவிட்டு, முட்டையிடுவதற்கு முன்னும் பின்னும் தனித்தனியே சோதியுங்கள். பழைய எண்களில் மாதம் பதிவாகாதவை இருந்தால், அவற்றை நீக்க வேண்டாம். பருவம் தெரியாது என்று அருகிலேயே குறித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை அன்றாடம் பயன்படுத்தும் வாசகர்