ஃபுருகாவாவில் உன் ஞாபகம்

அன்புள்ள சேகருக்கு,

தச்சுப் பட்டறைக் கூரையை மாற்றிவிட்டாய், அப்பாவின் இழைப்புளி இன்னும் நன்றாக ஓடுகிறது என்று உன் கடிதத்தில் படித்ததில் ரொம்ப சந்தோஷம். போன வாரம் ஒரு ஊருக்குப் போய்வந்தேன். அங்கே முழுக்க உன் நினைப்புதான்.

ஹிடா ஃபுருகாவா. ஜப்பானில், நகோயாவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், கிஃபு மாகாணத்தின் வடக்கு முனை. 2004-ல் சுற்றியுள்ள சிற்றூர்களோடு சேர்த்து ஹிடா நகரம் என்று ஆக்கினார்கள். நகரம் என்று பெயரே தவிர, பத்தில் ஒன்பது பங்கு காடு. பெரும்பாலான பயணிகள் முந்தின ஊரான தகயாமாவிலேயே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

ஊர் நடுவே வெள்ளைச் சுவர் கிடங்குகளை ஒட்டி செட்டோகாவா வாய்க்கால் ஓடுகிறது. எட்டி வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். ஒரு காலத்தில் அழுக்கடைந்து கிடந்ததாம். 1968-ல் ஊர்க்காரர்கள் அதில் கெண்டை மீன்களை விட்டார்கள். மீன் நீந்தும் தண்ணீரில் யாருக்குக் குப்பை போட மனசு வரும்? இன்று ஆயிரம் மீன் இருக்கும். கல்படியில் உட்கார்ந்து இரை போட்டேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு சிவப்பு மீன் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. உதட்டோரம் இரண்டு மீசை, முதுகில் மை கொட்டினாற்போல ஒரு கறுப்பு. நவம்பர் கடைசியில், பனி கொட்டும் முன், எல்லாவற்றையும் பிடித்துக் குளத்துக்கு மாற்றி, ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வருஷா வருஷம் இந்த வேலை!

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஹிடா தச்சர்களுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷப் பேர். எட்டாம் நூற்றாண்டில் இந்த மலைநாட்டுக்கு வரியைத் தள்ளுபடி செய்து, அதற்குப் பதிலாகத் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பச் சொன்னார்கள். கோயிலும் அரண்மனையும் கட்டிய கைகள். இன்றும் ஃபுருகாவா தெருவில் நடக்கும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். இறவாரத்தைத் தாங்கும் மரக்கையின் நுனியில் சுருள் சுருளாக ஒரு செதுக்கல், வெள்ளை பூசியிருக்கும். 'குமோ' என்கிறார்கள், மேகம் என்று அர்த்தம். ஒவ்வொரு தச்சருக்கும் ஒரு வடிவம். அதுதான் அவர் கையெழுத்து. 170 வகைக்கு மேல் உண்டாம். வீட்டில் பெயர்ப்பலகை எதுவும் இல்லாமலே கட்டியது யார் என்று தெரிந்துவிடும்.

தச்சர் அருங்காட்சியகத்தில் மர இணைப்புகளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், நாமே கழற்றி மாட்டலாம். அந்தக் கட்டடமே ஆணி இல்லாமல் கட்டியது. ஒரு கழுந்து இணைப்பைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பொருத்த எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நீயாக இருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பாய், எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்று.

அப்புறம், இதே நகரத்தில் கமியோகா சுரங்கத்தில், மண்ணுக்கு 1,000 மீட்டர் கீழே, 50,000 டன் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடுகிறார்கள். அதற்காக 2015-ல் இயற்பியலாளர் கஜிதாவுக்கு நோபல் கிடைத்தது. உன் மகளிடம் சொல், இயற்பியல் படிக்கிறவளுக்குப் பிடிக்கும்.

ஜனவரி 15 அன்று ஃபுருகாவாவில் மூன்று கோயில் வழிபாடு. பனியில் ஆள் உயரத்துக்கு மெழுகுவத்தி செய்து தெருவில் ஏற்றுவார்கள். அந்த நாளுக்கு நீ வந்துவிடு. தங்க இடம் என் பொறுப்பு. கம்பளி சட்டை மட்டும் நிறைய எடுத்து வா. அந்தக் கழுந்தின் அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். படம் வரைந்து இதோடு அனுப்புகிறேன். தேக்கில் செய்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
முரளி