தானமாகக் கிடைத்த வீடுகளா இவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் தொண்டு அமைப்புகளைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையில், "தானமாகக் கிடைத்த வீட்டின் அருமை அதில் குடியிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை" என்றொரு வரி இருந்தது. அதற்குச் சான்றாகக் காரை பெயர்ந்த சுவர் ஒன்றின் படமும் இருந்தது. நாகை மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை மதித்துப் படித்து வருபவள் என்பதாலேயே அந்த வரி என்னை மிகவும் புண்படுத்திவிட்டது.

எங்கள் பகுதியில் இந்தப் பணி எப்படித் தொடங்கியது என்பது தாங்கள் அறியாததன்று. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகுதான், காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்து மக்களோடு தங்கினார்கள். 1981-இல் உழுபவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் லாப்டி (LAFTI) இயக்கத்தைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். குடிசைகளை மாற்றிச் செங்கல் வீடுகள் கட்டும் வேலை அந்த நிலப் பணியின் தொடர்ச்சியாக வந்தது. அதில் தானம் வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை; வேலை செய்தவர்களையே பார்த்தேன்.

வயல் வேலை இல்லாத சித்திரை, வைகாசி மாதங்களில், என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் ஊர்க் களிமண்ணைக் குழைத்து, கல் அறுத்து, காயவைத்து, சூளை அடுக்கிச் சுட்டதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சிமெண்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் வெளியிலிருந்து வந்தன. மண்ணையும் கல்லையும் தண்ணீரையும் சுமந்தவர்கள் அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர்களே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீற்றுக் கூரை ஒழுக, அடுப்பு நனைந்து, பிள்ளைகளின் புத்தகப் பையை உறியில் தொங்கவிட்டுவிட்டு இரவெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கா வீட்டின் அருமை தெரியாது?

சுவர் ஏன் பெயர்ந்தது என்று தங்கள் கட்டுரையாளர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். எங்கள் களிமண் மழையில் ஊதும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அடித்தளத்தை ஆழமாக எடுக்கப் பணம் போதாத வீடுகளில் சுவர் விரிசல் விடுவது இதனால்தான். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரும் உப்பு; அந்த நீரில் குழைத்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும். அரசு கட்டிய பழைய தொகுப்பு வீடுகளிலும் இதேதான் நடந்தது. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தூங்கும்போது தளத்துக் காரை விழுந்ததில் நெற்றியில் தையலோடு பள்ளிக்கு வந்தாள். அதன் பிறகு அவள் தந்தை வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடும்பத்தை அங்கே படுக்க வைத்தார். கல் வீட்டைக் கொடுத்தாலும் குடிசையை விடமாட்டார்கள் என்று கட்டுரையில் குறைப்பட்டிருக்கிறாரே, அந்தக் குடிசைக்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா?

இதை எழுதும்போது பழைய வருத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை ஊர்களுக்கு உதவி வந்து குவிந்தது. மீனவச் சகோதரர்களுக்குக் கிடைத்ததை நான் ஒருநாளும் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால், உப்புநீர் ஏறிய வயல்களில் கூலியை இழந்த விவசாயத் தொழிலாளர் தெருக்களை எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள்? எங்கள் ஊருக்கு வந்த அமைப்பு ஒன்று அடிக்கல் நாட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனது. பிறகு வரவே இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது அதே தெருவில் தார்ப்பாய்தான் விநியோகிக்கப்பட்டது. அப்போது இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை.

அரசுத் திட்டம் இருக்கும்போது தொண்டு அமைப்பை ஏன் நாடுகிறார்கள் என்றும் கட்டுரை கேட்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருவது நல்ல காரியம். ஆனால் அதற்கு மனைக்குப் பட்டா வேண்டும். குடியிருக்கும் மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1971-இலேயே வந்தும், கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறைகளாக வாழும் பலர் கையில் இன்றும் பட்டா இல்லை. பட்டா இருப்பவர்களுக்கும் கட்டிய வேலைக்கு ஏற்பத் தவணை தவணையாகவே பணம் வருகிறது. அடுத்த கட்டத்தை எழுப்பக் கையில் காசில்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார், அல்லது கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தோடு நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் கைகொடுக்க ஓர் அமைப்பு வந்தால், அதை நாடுவதில் என்ன குற்றம்?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அந்த வரி தவறு என்பதை அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். படத்தில் உள்ள சுவரை எழுப்பியவர்கள் அதில் குடியிருப்பவர்களே என்று அதனடியில் ஒரு குறிப்பும் சேர்த்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.