பூஞ்சை மருந்தின் இரத்த அளவு: மருத்துவக் கல்லூரி டீன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் ஆறிய நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்துத் தங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் தாயார் குறித்த மனு ஏற்கெனவே தங்கள் மேசையில் இருப்பதால், முழு விவரத்தையும் மீண்டும் எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளின் இரத்த அளவைப் பார்க்கும் பரிசோதனை தங்கள் ஆய்வகத்திலேயே நடக்க வேண்டும்.

வோரிகோனசோல் மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலேயே, சுவரோரம் யாரோ நிற்பதாக அம்மா சொல்லத் தொடங்கினார். வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இப்படி வருவதுண்டு என்று சொல்லி மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்கள். இம்மருந்து இரத்தத்தில் மிகுந்தால் இல்லாத உருவங்கள் தெரியும் என்பதை நினைவில் வைத்திருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர்தான் அளவு பார்க்கச் சொன்னார். இங்கே வசதி இல்லாததால் வெளி லேபை நாங்களே ஏற்பாடு செய்தோம். காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய இரத்தம் அது. வார்டில் மாத்திரை ஏழு மணிக்கு, லேப் பையன் வந்ததோ பத்தரைக்கு. மறுநாள் செவிலியரிடம் கெஞ்சி, மாத்திரையைத் தள்ளிவைத்து எடுத்த இரத்தம் வேறு நகரத்துக்குப் போய் முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. மில்லிலிட்டருக்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது 9-ஐத் தாண்டியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அதே மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. அந்த ஒழுங்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாத்திரையைக் குறைத்த சில நாட்களில் சுவரோரத்து ஆட்கள் போய்விட்டார்கள்.

இம்மருந்தைக் கல்லீரலில் சிதைக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதி ஆளுக்கு ஆள் மாறுபடுவதும், அது மந்தமாக இருப்பவர்கள் ஐரோப்பியர்களைவிட நம் பக்கத்தில் அதிகம் என்பதும், மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்த அளவு பல மடங்கு ஏறிவிடக்கூடும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. குறைந்தாலும் ஆபத்துதான்: காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உடன் சேர்ந்தால் இம்மருந்து இரத்தத்தில் பெயருக்குக்கூட மிஞ்சாது, பூஞ்சை மட்டும் வளரும். சிறுநீரகம் மாற்றியவருக்கு, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு பார்க்காமல் மாத்திரையில் கைவைக்காத மருத்துவ உலகம், பூஞ்சை நோயாளியை மட்டும் ஏன் அவரவர் விதிக்கு விட்டுவிடுகிறது?

2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது மருந்து கிடைக்கவில்லை என்று நாடே அலறியது. கிடைத்த மருந்து உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? பூஞ்சை விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் மட்டும் தங்கள் தாழ்வாரத்தில் பளபளவென்று இருக்கின்றன. இரத்தத்தில் மருந்தின் அளவைக் கண்டறியக்கூடிய எச்பிஎல்சி கருவி ஒன்றும் மருந்தியல் துறையில் இருக்கிறதாம். ஆய்வேட்டுக்கு ஓடுகிற கருவி நோயாளிக்கு ஓடாது போலும்.

கோபத்தில் எழுதிய வரிகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அந்தக் கருவியிலேயே இப்பரிசோதனையைத் தொடங்கி, இரண்டு நாட்களுக்குள் முடிவு வார்டுக்கு வர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, காலை மாத்திரைக்கு முன் வார்டிலேயே இரத்தம் எடுத்து, மருத்துவமனைச் செலவில் வெளியே அனுப்பும் ஏற்பாடாவது வேண்டும். இதற்கு எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருத்துவமனையின் நோயாளி ஒருவரின் மகள்