கார்பைன் உதிரிபாகம் செய்வோருக்கு: பெட்டியின் மேல் எடையை அச்சிடுங்கள்

பிஸ்டல் தோட்டா சுடும் போட்டிக் கார்பைன்களுக்கு போல்ட், பஃபர், ஸ்பிரிங், ட்ரிகர், காம்பன்சேட்டர் செய்து விற்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

என் மேசை மேல் சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறை ஒன்று இருக்கிறது. 9 மி.மீ. பித்தளை. அடி விளிம்புக்குச் சற்று மேலே, பேரலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் அது ஏறும் சரிவுக்கு நேராக இருந்த பக்கம், வயிறு தள்ளியிருக்கிறது. நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் அந்த மேட்டில் தடுக்கும். பயிற்சி முடிந்து தரையில் கிடந்த உறைகளைப் பொறுக்கும்போது கண்ணில் பட்டது. வாளியைக் கவிழ்த்துத் தேடினேன். அதே மாதிரி இன்னும் பதினொன்று கிடைத்தன. அன்று காலையில்தான் எடை குறைத்த போல்ட் ஒன்றை, அதாவது தோட்டாவின் அடியை அடைத்து நின்று முன்னும் பின்னும் ஓடும் பாகத்தை, புதிதாக மாட்டியிருந்தேன். வேகமான சுழற்சி, குறைந்த உதை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த போல்ட் எத்தனை கிராம் என்று எங்கேயும் இல்லை. போல்ட்டுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஓடும் எடையான பஃபரில் எதோடு சேர்த்து மாட்ட வேண்டும், எதோடு சேர்க்கக் கூடாது என்றும் இல்லை.

தவறில் என் பங்கும் உண்டு. கையில் இருந்த லேசான பஃபரை மாற்றாமலே அந்த போல்ட்டை மாட்டியது நான்தான். ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு எண்கள் போதுமாக இருந்தது. அந்த எண்கள் உங்களிடம் இருக்கின்றன. வரைபடத்தில் இருக்கின்றன, கணினியில் இருக்கின்றன. பெட்டியில் மட்டும் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

எங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது நேரடி ப்ளோபேக் கார்பைன். அதில் போல்ட்டைச் சேம்பரோடு பூட்டி வைக்கும் பல்லோ தாழ்ப்பாளோ கிடையாது. வெடிக்கும் நொடியில் உறையைத் தாங்கி நிற்பது போல்ட்டும் பஃபரும் சேர்ந்த எடைதான். 8 கிராம் குண்டு, 600 கிராம் போல்ட்டும் பஃபரும் என்று வைத்துக்கொள்வோம். குண்டு முன்னே நகரும் தூரத்தில் ஏறக்குறைய 75-ல் ஒரு பங்கு போல்ட் பின்னே நகரும். 16 அங்குல பேரலை விட்டு குண்டு வெளியேறும்போது போல்ட் 5 மி.மீ. அளவுக்குப் பின்வாங்கியிருக்கும். உறையின் கனமான அடிப்பாகம் சேம்பரை விட்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, அப்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்பதில்தான் பித்தளை பிழைப்பதும் வயிறு தள்ளுவதும் கிழிவதும் இருக்கிறது. எடையைக் குறைத்தால் திறப்பு முந்திக்கொள்கிறது. கிழிந்தால் சூடான வாயுவும் பித்தளைச் சில்லும் மேகசின் வழியாகவும் உறை வெளியேறும் வாய் வழியாகவும் வரும். எங்கள் கன்னம் இருப்பது அதற்கு ஒரு சாண் தூரத்தில்.

போல்ட் லேசாக இருந்தால் என்ன, ஸ்பிரிங்கைக் கடினமாக்கிச் சரிசெய்துவிடலாம் என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. இதைப் படிக்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு, அமெரிக்காவில் தோட்டாத் தரங்களை வகுக்கும் சாமி (SAAMI) அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உறையின் அடியில் அது தள்ளும் விசையைக் கணக்கிட்டால் ஆயிரத்து ஐந்நூறு கிலோவைத் தொடும். ஸ்பிரிங் தாங்குவது சில கிலோ. திறக்கும் நொடியைத் தள்ளிப்போட ஸ்பிரிங்கால் முடியாது. திறந்த போல்ட்டின் வேகத்தை வழியில் கொஞ்சம் தணிக்கும், பிறகு முன்னே தள்ளி மூடும். அதன் வேலை அவ்வளவே. இது தெரியாமல் வாங்குகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். செய்து விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே தோட்டாவுக்கு, நகரும் மொத்த எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது பின்னே எடுத்து வரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த ஆற்றல் பஃபர் ஓடும் குழாயின் கடைசியில் போய் முட்டுவதைத்தான் எங்கள் தோள் உதை என்று உணர்கிறது. லேசான போல்ட் உதையைக் குறைக்கும் என்று எழுதுவதற்கு முன்னால், எந்தப் பஃபரோடு, எந்தத் தோட்டாவோடு என்று சொல்லுங்கள். சொன்னால் நம்புவேன். ஏனென்றால் சரியான சேர்க்கையில் அது நடக்கவே செய்கிறது.

சரியான சேர்க்கையைத் தேடுவதில்தான் எங்கள் காலமெல்லாம் போகிறது. நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், உங்கள் எண்கள் எங்கே தேவைப்படுகின்றன என்பது அதில் தெரியும். முதலில் போட்டியில் சுடப்போகும் தோட்டாவை முடிவு செய்கிறேன். அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பான யூ.எஸ்.பி.எஸ்.ஏ. விதியில் கார்பைன் பிரிவுக்கு மைனர், அதாவது குறைந்த வீரியத்துக்கான மதிப்பெண் மட்டும்தான். எவ்வளவு வீரியமாகச் சுட்டாலும் இலக்கின் ஏ பகுதிக்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1. கிரெய்ன் என்ற அளவில் குண்டின் எடையை, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் பவர் ஃபேக்டர் 125-ஐத் தாண்டினால் போதும். 147 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 900 அடி போனால் 132 வந்துவிடும். அதற்கு மேல் ஏற்றுவது தோளுக்குத் தண்டனை, மதிப்பெண்ணுக்கு லாபமில்லை. ஆகவே போட்டிக்காரர்கள் பெரும்பாலும் மென்மையான தோட்டாவைச் சுடுகிறோம். நீங்களோ கடையில் கிடைக்கும் வீரியமான 115 கிரெய்ன் தோட்டாவில் சோதித்துவிட்டு, எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தும் என்று எழுதிவிடுகிறீர்கள். உங்கள் கனமான பஃபர் உங்கள் தோட்டாவில் ஓடியது. என் தோட்டாவில் போல்ட் பாதி வழியில் திரும்பியது.

தோட்டா முடிவானதும் பஃபர். ஏ.ஆர். வகை 9 மி.மீ. கார்பைனில் வழக்கமான பஃபர் ஐந்தரை அவுன்ஸ் பக்கம், கனமானது எட்டு அவுன்சுக்கு மேல். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுகிறேன். போல்ட் பின்னால் நின்று பூட்டிக்கொள்ள வேண்டும். பத்து முறை, இருபது முறை. பிறகு கையைத் தளர்த்தி, பிறகு எண்ணெய் காய்ந்து அழுக்கேறிய நிலையில். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், பூட்டிக்கொள்ளத் தவறும் இடம் வந்ததும் ஒரு படி கீழே இறங்குகிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம்தான் மாற்றுவேன். மூன்றை ஒன்றாக மாற்றியவன் எதனால் கெட்டது என்று ஒருபோதும் கண்டுபிடிக்க மாட்டான். அந்தப் பாடத்துக்கு ஒரு முழு போட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் புள்ளி. கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கியான ரெட் டாட்டின் வழியே பார்த்தபடி இரண்டு தோட்டா வேகமாகச் சுட்டால், புள்ளி எழும்பும், திரும்பும். திரும்பும்போது குறிவைத்த இடத்தில் நிற்கிறதா, அதற்குக் கீழே குனிந்து பிறகு நிமிர்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். போல்ட் வேகமாக அறைந்து மூடினால் முனை குனியும். கடினமான ஸ்பிரிங் இதை மோசமாக்கும். பஃபர் போகும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இது நன்றாக அடங்குகிறது. ரைஃபிள் தோட்டாவுக்காக வடிவமைத்த குழாயில் 9 மி.மீ. போல்ட் தேவைக்கு மேல் பின்னே ஓடுகிறது. அதனால் நீளமான பஃபரோ ஒரு தட்டையோ வைத்துக் குறைக்க இடம் இருக்கிறது. எவ்வளவு குறைக்கலாம்? போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் கேட்சையும் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் வேண்டும்? உங்கள் நீளமான பஃபரின் நீளத்தை நீங்கள் அச்சிட்டால் நான் காலிப்பரோடு உட்கார வேண்டியதில்லை. ஓட்டம் அதிகமாக இருந்தால் போல்ட் வேகம் பிடித்துக் கேட்சின் மேல் மோதி அதை உடைக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

எல்லாக் கார்பைனும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் பெட்டியில் பார்க்க விரும்புகிறேன். எம்பி5 உருளைகளால் திறப்பைத் தாமதிக்கிறது. சி.எம்.எம்.ஜி. நிறுவனம் கொண்டு வந்த முறையில் போல்ட் தலை திரும்பித் தாமதிக்கிறது. சிக் எம்பிஎக்ஸ் வாயுவால் ஓடுகிறது. ரூகர் பி.சி. கார்பைன் போல்ட்டுக்குள்ளேயே டங்ஸ்டன் எடை வைத்திருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு அமுதமான ஸ்பிரிங் இன்னொன்றுக்கு நஞ்சு. "9 மி.மீ. கார்பைன்களுக்கு" என்று மட்டும் எழுதுவது மருந்துப் பெட்டியில் "காய்ச்சலுக்கு" என்று மட்டும் எழுதுவது போல.

ட்ரிகர் செய்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ப்ளோபேக் போல்ட், தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் ஹேமரை மிக முரட்டுத்தனமாகப் பின்னே சாய்க்கிறது. ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ட்ரிகரின் ஹேமர் அச்சு கார்பைனில் முறிந்து வந்ததைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உங்களில் சிலர் இந்த ட்ரிகர் பிஸ்டல் தோட்டாக் கார்பைனுக்குத் தகும் என்று தெளிவாக எழுதுகிறீர்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் தகாது என்றால் தகாது என்றே எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. இழுப்பு எடையைக் குறைக்க மென்மையான ஹேமர் ஸ்பிரிங் சேர்த்து அனுப்புகிறவர்கள், தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர் கடினமாக இருந்தால் அது சுடாமல் டக் என்ற ஓசையோடு நின்றுவிடலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹேமரைத் தடுத்து நிறுத்தும் சியரும் ஹேமரும் பிடித்திருக்கும் அளவைக் குறைத்து லேசாக்கும் வேலையை வீட்டு மேசைக்கு விடாதீர்கள். போல்ட் அறையும் அதிர்ச்சியில் அந்தப் பிடி நழுவினால் ஒரே இழுப்பில் இரண்டாவது தோட்டாவும் போய்விடும். அது களத்தில் நிற்கும் எல்லோருக்கும் ஆபத்து. இந்த வேலை பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கம்மியருக்கு உரியது என்று பெட்டியிலேயே சொல்லுங்கள்.

காம்பன்சேட்டர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பேரல் முனையில் மாட்டும் அது, முனை எழும்புவதைக் குறைக்க வாயுவால் வேலை செய்வது. 9 மி.மீ. தோட்டாவில் ஐந்து கிரெய்ன் அளவுக்குத்தான் வெடிமருந்து, 5.56 தோட்டாவில் இருபத்தைந்து கிரெய்ன் பக்கம். நீண்ட பேரலின் முனைக்கு வரும்போது அந்தக் கொஞ்ச வாயுவும் களைத்துவிடுகிறது. மென்மையான தோட்டாவில் பலன் இன்னும் குறைவு. ஆனால் முனையில் தொங்கும் எடை ஓர் இலக்கிலிருந்து அடுத்த இலக்குக்குத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. எத்தனை சதவீதம் உதை குறையும் என்று எழுதுகிறீர்கள். எத்தனை கிராம் என்று எழுதினால் அதைவிடப் பயன்.

ரெட் டாட் மவுண்ட் செய்பவர்களும் இதில் அடக்கம். பேரலின் நடுவிலிருந்து புள்ளி 6.6 செ.மீ. உயரத்தில் இருந்து, 25 மீட்டரில் சரிசெய்திருந்தால், 3 மீட்டரில் குண்டு புள்ளிக்குக் கிட்டத்தட்ட 6 செ.மீ. கீழே விழும். பாதி மறைந்த இலக்கின் பக்கத்தில் சுடக்கூடாத அட்டை ஒன்று நிற்கும்போது அந்த 6 செ.மீ.தான் எல்லாம். மவுண்ட் பெட்டிகளில் இருப்பது தளத்திலிருந்து உயரம். நாங்கள் கேட்பது பேரல் நடுவிலிருந்து உயரம். எந்த வகைத் துப்பாக்கியில் எவ்வளவு என்று இரண்டு வரி போதும்.

ஆக, நான் கேட்பது சிறிய ஒரு சீட்டு. போல்ட்டானால் கிராமில் எடை, அதோடு வைக்கக்கூடிய மிகக் குறைந்த பஃபர் எடை. பஃபரானால் எடையும் நீளமும். ஸ்பிரிங்கானால் மூடிய நிலையிலும் முழுதாக அமுங்கிய நிலையிலும் எத்தனை கிலோ விசை. எல்லாவற்றிலும் சோதித்த தோட்டாவின் குண்டு எடை, வேகம், பேரல் நீளம். எதோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு வரி, அதை மட்டும் சிவப்பு மையில். இதில் உங்கள் ரகசியம் எதுவும் வெளியே போகாது. பாகத்தை வாங்கித் தராசில் வைக்கிற எவருக்கும் எடை தெரிந்துவிடப் போகிறது. வாங்குவதற்கு முன்னால் தெரிந்தால் ஒரு உறை வயிறு தள்ளாமல் இருக்கும்.

இப்போதைக்கு நானே தராசு வைத்திருக்கிறேன். வரும் பாகம் ஒவ்வொன்றையும் நிறுத்து, அதன் உடலிலேயே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எடையை எழுதி வைக்கிறேன். எங்களோடு சுடும் புதியவர்கள் மாற்று பாகம் வாங்கி வந்தால் முதலில் அந்தத் தராசுக்குத்தான் வருகிறார்கள். அந்த போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பொருந்தும் கனமான பஃபர் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. மூன்று நிறுவனங்களின் பஃபர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெட்டியில் மட்டும் எடை இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாகங்களை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போட்டிக்கும் வரும் ஒரு கார்பைன்காரர்