வெள்ளிங்கிரியில் தடியை மீட்டுத் தந்த அண்ணனுக்கு

அப்பா வருஷம் தவறாமல் சித்ரா பௌர்ணமிக்குக் கோவைப் பக்கத்து வெள்ளிங்கிரி மலை ஏறியவர். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பூண்டி அடிவாரத்தோடு சரி. அவருடைய மூங்கில் தடி கதவிடுக்கிலேயே கிடந்தது. அதையாவது மலையுச்சியில் இருக்கும் சுயம்பு லிங்கம் வரை கொண்டுபோய் வரலாம் என்றுதான் இந்தப் பங்குனியில் கிளம்பினேன். பக்தி என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல முடியாது.

ஏழு மலையும் ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் வினை. விடிவதற்கு முன், ஆண்டிச் சுனைக்கு மேலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்த வேகத்தில் தடி கைநழுவிச் சரிவில் உருண்டு புதரில் மாட்டியது.

பின்னால் வந்த நீங்கள் உங்கள் தடியை நீட்டினீர்கள். "இல்லங்க, அது எங்கப்பாவோடது" என்றேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கி எடுத்து வந்தீர்கள். முழங்கையில் சிராய்ப்பு. அப்புறம் என் காலை நீவிவிட்டு, "பார்த்து இறங்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு இருட்டில் போய்விட்டீர்கள். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

தடியின் பூணில் இன்னும் மண் இருக்கிறது. அப்பா துடைக்க விடவில்லை. அவரும் நன்றி சொல்லச் சொன்னார், அண்ணா.