கலியாணத்துக்கு முதல் தலைமயிர் மினுங்க வேணும் எண்ட தங்கச்சிக்கு

அன்பான தங்கச்சி,

நீ அனுப்பின போட்டோவைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பார்த்தன். உச்சியில இருந்து தோள் வரைக்கும் உன்ர தலைமயிர் வடிவாத்தான் இருக்கு, அதுக்குக் கீழதான் காய்ஞ்சு, சிலும்பிப்போய், வெளிச்சம் பட்டாலும் மினுங்காம நிக்குது. பெரியம்மா அதைப் பார்த்துத் தும்புத்தடி எண்டு சொன்னது சரியான பிழை, கலியாணப் பொம்பிளையை ஆக்கள் முன்னால அப்பிடிச் சொல்லவே கூடாது, அதை நான் அவவிட்டயும் சொல்லுவன். ஆனா அந்தக் கதையைக் கேட்டுட்டு நீ உடன ஸ்ட்ரெயிட் பண்ணப் போறன், சலூனில கெரட்டின் போட்டு மயிரை நேராக்கப் போறன் எண்டு நிக்கிறாய் பார், அதுக்குத்தான் இந்தக் கடிதம். உன்னை மாதிரி நாள் வச்சிட்டுக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு கவலைப்படுற பிள்ளையள் கொழும்பில கனபேர் இருக்கினம், அவையும் வாசிக்கட்டும் எண்டுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில எழுதுறன்.

முதல் ஒண்டை விளங்கிக்கொள். தோலை விட்டு வெளியில வந்த மயிருக்கு உயிர் இல்லை. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் அது வளரும், அப்ப இடுப்புக்குக் கிட்ட நிக்கிற உன்ர நுனி அஞ்சு வருஷப் பழசு, நீ ஏஎல் படிக்கேக்க முளைச்சது. அஞ்சு வருஷமா அது எத்தினை வெயில், எத்தினை றப்பர் பாண்ட், எத்தினை தரம் ஈரத்தோட இழுத்துச் சீவினதைக் கண்டிருக்கும். அதால இப்ப பயோட்டின் எண்ட விற்றமின் குளிசை வாங்கிப் போட்டாலும் அந்த நுனிக்கு ஒண்டும் போய்ச் சேராது. மினுமினுப்பு எண்டது முழுக்க மேல்பக்கத்து விஷயம். மேல்பக்கம் வழுவழுப்பா இருந்தா வெளிச்சம் ஒரே பக்கமாத் திரும்பி வரும், அதைத்தான் நாங்க மினுங்குது எண்டு சொல்லுறம், கரடுமுரடா இருந்தா வெளிச்சம் சிதறிப் போயிடும், அவ்வளவுதான்.

நம்பாட்டி இப்பவே செய்து பார். சீப்பில வந்த ஒற்றை மயிர் ஒண்டை எடு. வேர்ப்பக்கத்தை இடக்கையால பிடிச்சுக்கொண்டு, வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வச்சு நுனி வரைக்கும் உருவு, வழுக்கிக்கொண்டு போகும். இப்ப நுனியைப் பிடிச்சுக்கொண்டு வேர்ப்பக்கமா உருவு, கொரகொர எண்டு பிடிக்கும். மயிருக்கு மேல செதில் செதிலா ஒரு மூடல் இருக்கு, எல்லாம் நுனியைப் பார்த்துத்தான் படுத்திருக்கும். புதுசா முளைச்ச மயிரில அதுக்கு மேல மெல்லிய கொழுப்புப் படை ஒண்டும் இருக்கும். பிளீச், கலர், சூடு, வெயில் எல்லாம் முதல் கழட்டுறது அந்தப் படையைத்தான், பேந்து செதில் தூக்கிக்கொண்டு நிக்கும், கொழும்பு ஈரக்காத்தும் சேர்ந்தா மயிர் தண்ணியை இழுத்துப் பொம்மி நிக்கும். காலிவீதியில பஸ்ஸுக்கு நிண்டிட்டு வந்து கண்ணாடியில பார்க்கிறாய் எல்லே, அதுதான்.

உன்ர விஷயத்தில தண்ணியும் ஒரு காரணம். நீ இவ்வளவு காலமும் முழுகினது யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில. அங்க நிலம் சுண்ணாம்புக்கல்லு, தண்ணியில கல்சியமும் மக்னீசியமும் கூட, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதும் அதுதான், மயிரில படியிறதும் அதுதான். இங்க பைப்பில வாறது களனி கங்கையில இருந்து அம்பத்தலையில சுத்திகரிச்சதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணியும், அதில சுண்ணாம்பு குறைவு, ஷாம்பூ கெதியா நுரைக்கும். நீ அங்க போட்ட அளவையே இங்கயும் போட்டா தலை வறண்டுபோகும், அரைவாசி காணும். பழைய படிவு போக, ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுக் கலந்து, ஷாம்பூ போட்டுக் கழுவினாப் பிறகு நீளத்துக்கு ஊத்தி ஒரு நிமிஷம் விட்டுக் கழுவு. புளிப்புத் தண்ணி செதிலைப் படுக்க வைக்கும். இதைக் கிழமைக்கு ஒருக்கா செய்தாக் காணும். தேசிக்காயைப் பிழிஞ்சு அப்பிடியே தலையில தேய்ச்சிட்டு பல்கனியில வெயிலுக்கு நிக்கிற வேலை மட்டும் வேண்டாம், சாறு நெத்தியில வடிஞ்சு வெயில் பட்டா தோல் பொக்களிச்சுக் கறுக்கும், கலியாணத்துக்கு முதல் அந்தக் கரைச்சல் எதுக்கு? அப்பச்சோடாவும் வேண்டாம், அது செதிலை இன்னும் தூக்கி விடும். முட்டையும் சும்மா மணம்தான்.

இன்னும் ரெண்டு கிழமை இருக்கு, அதுக்குள்ள ஆறுதலா ரெண்டு மூண்டு முழுக்குப் போடலாம். அம்மம்மா வெள்ளிக்கிழமையில எண்ணெய் வச்சு முழுக வாத்தது வீண் வேலை இல்லை தங்கச்சி. 2003ல மும்பையில ரேலே, மோஹிலே எண்டு ரெண்டு பேர் இதைச் சோதிச்சுப் பார்த்தவை. தேங்காயெண்ணெய் மயிருக்குள்ள போய், கழுவேக்க புரதம் கழண்டு போறதைக் குறைக்குது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஒயிலும் அப்பிடிச் செய்யேல்லை எண்டுதான் முடிவு. அவை தேங்காயெண்ணெய் விக்கிற கொம்பனியில வேலை செய்த ஆக்கள்தான், எண்டாலும் காரணம் நியாயமானது. தேங்காயெண்ணெயில அரைவாசிக்குக் கிட்ட இருக்கிறது லோரிக் அமிலம், அது சின்ன, நேரான மூலக்கூறு, அதால உள்ள நுழையும். முதல் நாள் இரவு, இல்லாட்டி முழுக ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு முதல், காது மட்டத்தில இருந்து நுனி வரைக்கும் பூசு, ஒழுக ஒழுக வேண்டாம், கையில மிச்சம் இருக்கிறதை உச்சியில தடவினாக் காணும். பொடுகு இருந்தா உச்சிப்பக்கம் போகவே வேண்டாம். செவ்வரத்தம் இலையை அரைச்சு அந்தக் கொழகொழப்பைப் போட விருப்பமெண்டாப் போடு, வழுவழுப்பு வரும், ஆனா நல்லா வடிச்சிட்டுப் போடு, இல்லாட்டி இலைத் துணுக்கு எடுக்கவே பின்னேரம் ஆகிடும்.

ஷாம்பூவை உச்சிக்கு மட்டும் போடு, கழுவேக்க வழியிற நுரையே நீளத்துக்குக் காணும். பிறகு கொண்டிஷனர், இதைத்தான் நீ அவசரப்பட்டுச் செய்யிறாய். மயிரைப் பிழிஞ்சு தண்ணியை எடுத்துட்டு, காதுக்குக் கீழ பூசி, பல்லு அகலமான சீப்பால நுனியில இருந்து மேல மேலயாச் சிக்கெடு. பழுதான இடத்தில மயிருக்கு மைனஸ் சார்ஜ் கூட, கொண்டிஷனரில இருக்கிற சாமான் பிளஸ் சார்ஜ், அதால தேவையான இடத்தில தானாப் போய் ஒட்டும், நீ செய்ய வேண்டியது ரெண்டு மூண்டு நிமிஷம் பொறுத்து நிக்கிறது மட்டும்தான். விலை கூடினது வாங்கத் தேவையில்லை. துவாயால பரபர எண்டு தேய்க்காம, பழைய கொட்டன் ரீசேட் ஒண்டால அமத்தி எடு. டிரையர் பிடிக்கிறதெண்டா காத்து மேல இருந்து கீழ போகவேணும், செதில் படுத்திருக்கிற பக்கமா.

இனி அந்தக் கெரட்டின் கதை. பேர்தான் கெரட்டின், கன சாமானில வேலை செய்யிறது போமல்டிஹைட் எண்ட இரசாயனம், இல்லாட்டி அயன் சூடு பட்டவுடன போமல்டிஹைட்டை விடுற இன்னொண்டு. உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004லயே அதை மனுசருக்குப் புற்றுநோய் தாற பொருள் எண்டு சொல்லிப்போட்டுது. ஏசி போட்டுப் பூட்டின சின்னச் சலூன் அறைக்குள்ள கண் எரிஞ்சு தொண்டை கரகரக்கிறது அதாலதான், அங்க நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிற பிள்ளையளை நினைச்சாத்தான் எனக்குப் பெரிய கவலை. அதோட புதுசா எதையும் கலியாணத்துக்குக் கிட்ட வச்சுத் தலையில செய்யிறது விசர் வேலை, தோலுக்கு ஒத்துவராட்டி மாறுறதுக்கு நாள் இல்லை.

நான் கட்டாயம் சொல்லவேணும் எண்டு நினைச்ச விஷயம் பாலறுகு, கலியாணத்தண்டு விடிய பாலும் அறுகம்புல்லும் தலையில வைக்கிற சடங்கு. விடிய பால் அறுகு வச்சு, தலையில தண்ணி வார்த்து, ஈரத்தோட உன்னைக் கொண்டுவந்து இருத்துவினம், அலங்காரம் செய்ய வாறவவுக்கு முகூர்த்தம் கிட்ட எண்டு அவசரம், அந்த ஈரத்தில அயனை வச்சா மயிருக்குள்ள இருக்கிற தண்ணி கொதிச்சு ஆவியாகி உள்ளுக்குள்ள குமிழ் குமிழா வெடிக்கும், அந்த இடத்தில மயிர் முறியும். அதுக்காகச் சடங்கை விடச் சொல்லேல்லை. அம்மாவோட இப்பவே கதை. முதல் நாள் காலமையே வடிவா முழுகிக் காயவிட்டிடு, கொண்டை கட்டவும் அதுதான் நல்லது, அன்றைக்கே கழுவின மயிர் வழுக்கும், கொண்டைமாலையும் ஊசியும் நிக்காது. விடிய பாலை உச்சியில தொட்டு வைக்கட்டும், நீளத்தைப் பின்னி மேல தூக்கிக் கட்டி ஷவர் கப்புக்குள்ள விட்டுட்டு, உச்சியை மட்டும் பச்சைத்தண்ணியால கழுவிக் குளிர் காத்தில காயவை. பாலைக் கழுவாம மட்டும் விடாத, காய்ஞ்சா மங்கிப்போகும், மணக்கும்.

அயன் வேணுமெண்டா முழுக்கக் காய்ஞ்ச பிறகு, ஹீற் புரொடெக்டர் அடிச்சு, ஒரு தரம் மட்டும் இழுக்கச் சொல்லு. கடைசியா உள்ளங்கையில ரெண்டு சொட்டுச் சீரம், இல்லாட்டி அதே தேங்காயெண்ணெய், நுனிக்கு மட்டும். போட்டோவில மினுமினுப்பு எடுத்துக் காட்டுறது அதுதான், கூடிப்போனா எண்ணெய் வடியிற மாதிரித் தெரியும்.

இரவு வந்து ஸ்பிரே அடிச்ச கொண்டையைக் காய்ஞ்சபடி சீவாத, எவ்வளவு களைப்பெண்டாலும். ஊசியளைக் கழட்டிட்டு, எண்ணெய் கொஞ்சம் தடவி ஊறவிட்டு, கொண்டிஷனர் போட்டுத்தான் சிக்கெடுக்கிறது, தங்கச்சிமார் ஆரையாவது உதவிக்குக் கூப்பிடு.

இதெல்லாம் செய்தாலும் அந்தப் பிளந்த நுனியை ஒண்டாலும் ஒட்டேலாது, வெட்டத்தான் வேணும், ரெண்டு அங்குலத்தோட உன்ர நீளம் ஒண்டும் குறைஞ்சு தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தை மார்க்கெட் அடிக்கு வா, நானும் கூட வாறன், எண்ணெய் வைக்காம வா, காய்ஞ்ச மயிரிலதான் எது வரைக்கும் பிளந்திருக்கு எண்டு தெரியும்.

அன்போட,
அக்கா